சிலர் மட்டுமே ஆடும் விளையாட்டு: விலையை யார் சுமப்பது?

2013-ஆம் ஆண்டு 40 அமெரிக்க டாலருக்கு வெளிவந்தது 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' என்ற கணினி விளையாட்டு. அதன் ஐந்தாம் பாகம் 2025 நவம்பரில் 60 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த 'சிவிலைசேஷன் 7' 70 டாலர். இரண்டும் வியூக விளையாட்டுகள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடும் வகை அல்ல. நாட்டை ஆள்வது, வரி விதிப்பது, படை திரட்டுவது, அண்டை அரசோடு பேசுவது என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து யோசித்து ஆடுபவை.

நம் நாட்டுக் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரம் 45 மணி நேர வேலை என்று கணக்கிட்டால் மணிக்கு 8 ரிங்கிட் 72 காசு. ஒரு விளையாட்டு 170 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் அதை வாங்க ஏறக்குறைய 20 மணி நேரம் உழைக்க வேண்டும். அதனால்தான் "ஒரு விளையாட்டுக்கா இவ்வளவு காசு?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் பதில் அவ்வளவு எளிதல்ல. விலையைக் கூட்டுவதா, குறைப்பதா, துண்டு துண்டாக விற்பதா, மாதச் சந்தா வாங்குவதா என்று இந்தத் துறை பல ஆண்டுகளாகவே தடுமாறிக்கொண்டிருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தில் சிறிய சந்தையை நம்பி வாழும் எல்லாருக்கும் பாடம் இருக்கிறது. தமிழ் நூல் எழுதுபவருக்கும் அது பொருந்தும்.

இலவசமும் இலவசமும் ஒன்றல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. திறன்பேசியில் இலவசமாகப் பதிவிறக்கி ஆடும் போர் விளையாட்டுகளையும் 'வியூக விளையாட்டு' என்றுதான் சொல்கிறார்கள். கோட்டை கட்ட 8 மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் காசு கொடு என்று கேட்பவை அவை. ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஒரு காசும் கொடுப்பதில்லை. மிகச் சிலர் கொடுக்கும் பெருந்தொகையில்தான் அவை ஓடுகின்றன. அந்த மிகச் சிலரில் ஒருவர் அப்பாவின் வங்கி அட்டையைக் கையில் வைத்திருக்கும் 12 வயதுப் பையனாகவும் இருக்கலாம்.

இங்கே நாம் பேசுவது அவற்றைப் பற்றியல்ல. கணினியில் ஆடப்படும், முன்கூட்டியே விலை சொல்லி விற்கப்படும், ஆடுவோர் கூட்டம் சிறிதாக உள்ள விளையாட்டுகளைப் பற்றி. இவற்றுள் பலவற்றை உலகம் முழுவதும் சேர்த்தே சில ஆயிரம் பேர் முதல் சில லட்சம் பேர் வரைதான் வாங்குவார்கள். ஆனால் அப்படி வாங்குபவர்கள் ஒரே விளையாட்டை 500 மணி நேரம், 1,000 மணி நேரம்கூட ஆடுவார்கள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்

நம் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். ஐந்து பேர் சேர்ந்து இரண்டு ஆண்டுகளில் ஒரு வியூக விளையாட்டை உருவாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 5,000 ரிங்கிட் சம்பளம். இதுவே 6 லட்சம் ரிங்கிட் ஆகிவிடும். வாடகை, கணினி, விளம்பரம் எதையும் இதில் சேர்க்கவில்லை.

கணினி விளையாட்டு விற்பனையில் ஸ்டீம் தளமே இன்று பெரும் சந்தை. விற்பனைத் தொகையில் 30 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. 2018 இறுதியில் அந்தத் தளம் ஒரு சலுகை அறிவித்தது. விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் 25 விழுக்காடு, 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 விழுக்காடு. நம் ஐந்து பேருக்கு அந்தச் சலுகை எட்டாக்கனி. அதே நேரத்தில் தொடங்கப்பட்ட எபிக் தளம் 12 விழுக்காடு மட்டும் போதும் என்றது. ஆனால் வாங்குவோர் கூட்டம் ஸ்டீமில்தான் இருந்தது.

இனி கணக்கு. விலை 60 ரிங்கிட் என்றால் கைக்கு வருவது 42 ரிங்கிட். போட்ட காசை எடுக்க 14,286 பிரதிகள் விற்க வேண்டும். விலை 120 ரிங்கிட் என்றால் 7,143 பிரதிகள் போதும். 60 ரிங்கிட் விளையாட்டை 75 விழுக்காடு கழிவில் 15 ரிங்கிட்டுக்கு விற்றால்? கைக்கு வருவது பத்தரை ரிங்கிட். 57,143 பேர் வாங்கியாக வேண்டும்.

பெரிய நிறுவனத்துக்கு 57,000 பேர் பெரிய எண்ணிக்கை அல்ல. சிக்கலான போர் விளையாட்டு ஒன்றை விரும்பி ஆடுவோர் உலகத்திலேயே 10,000 பேர்தான் என்றால், 15 ரிங்கிட்டுக்குத் தந்தாலும் பதினோராயிரமாவது ஆள் வரமாட்டார். விலையைக் குறைத்தால் கூட்டம் கூடும் என்ற பொதுவான வணிக நம்பிக்கை இங்கே செல்லாது.

விலை அதிகம், கூட்டம் குறைவு

இந்தக் கணக்கை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது மேட்ரிக்ஸ் கேம்ஸ். 2010-இல் பிரிட்டனின் ஸ்லிதரின் நிறுவனத்தோடு இணைந்த இந்த வெளியீட்டாளரின் வாடிக்கையாளர்களில் பலர் போர் வரலாற்றில் ஊறிய நடுத்தர வயதினர். 2010-இல் வந்த 'வார் இன் த ஈஸ்ட்', 2013-இல் வந்த 'கமாண்ட்' இரண்டுக்கும் விலை 80 டாலர். அந்தக் காலத்தில் பெரிய நிறுவனங்களின் புது விளையாட்டுகளே 60 டாலருக்குத்தான் விற்றன. பளபளப்பான படங்கள் இல்லை. வரைபடமும் குறிகளும் எண்களும்தான். இருந்தும் வாங்குபவர்கள் வாங்கினார்கள். இதுபோல இன்னொன்றைச் செய்து தர வேறு ஆளில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதே நிறுவனம் 2009-இல் வெளியிட்ட 'வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' நமக்குச் சற்று நெருக்கமானது. 1941 டிசம்பர் தொடங்கிய பசிபிக் போரை ஒரு நாளுக்கு ஒரு முறை என்ற கணக்கில் ஆட வேண்டும். போர் முடியும்வரை ஆடினால் 1,300 முறைக்கு மேல் வரும். ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது, குவாந்தான் கடற்பகுதியில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' போர்க்கப்பல்கள் மூழ்கியது, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது எல்லாம் அந்தப் போரின் முதல் பத்து வாரங்களில் நடந்தவை. தோட்டத்துப் பெரியவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்லும் அந்த நாள்களை இவ்வளவு நுணுக்கமாகக் கையாளும் விளையாட்டை எத்தனை பேர் வாங்குவார்கள்? அந்த எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் விலையும் அமைகிறது.

'கமாண்ட்' இன்னொரு வருமான வழியையும் காட்டியது. அதன் தொழில்முறைப் பதிப்பு இராணுவப் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் தனியாக விற்கப்படுகிறது. சிறிய கூட்டத்துக்குள்ளேயே அதிகம் கொடுக்கக்கூடியவரைக் கண்டுபிடித்து அவருக்குத் தனி விலை வைப்பது என்பது இதுதான்.

வாசல் ஒரு விலை, அறைகள் தனி விலை

சுவீடனின் பாரடாக்ஸ் இண்டராக்டிவ் வேறு பாதையில் போனது. அடிப்படை விளையாட்டை நடுத்தர விலைக்கு விற்றது. பிறகு ஆண்டுக்கு இரண்டு மூன்று என டிஎல்சி எனப்படும் கூடுதல் தொகுப்புகளை 10 டாலர், 15 டாலர், 20 டாலர் என்று விற்றது. 2012-இல் வந்த 'குருசேடர் கிங்ஸ் 2', 2013-இல் வந்த 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4', 2016-இல் வந்த 'ஸ்டெல்லாரிஸ்', 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' எல்லாம் இப்படித்தான் வளர்ந்தன.

இந்த முறையில் நன்மை உண்டு. ஒவ்வொரு தொகுப்போடும் எல்லாருக்கும் ஓர் இலவச மேம்பாடும் வரும். ஒரு விளையாட்டு பத்து ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அதை உருவாக்குபவர்களுக்கு நிலையான சம்பளம் கிடைக்கும். பழைய விளையாட்டில் 500 மணி நேரம் செலவழித்தவர் புதிதாக ஒன்றைக் கற்க வேண்டியதில்லை.

தீமையும் அதே இடத்தில்தான் முளைக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்துப் புதிதாக வருபவர் கடை வாசலில் நின்று பார்க்கிறார். அடிப்படை விளையாட்டு மலிவு. ஆனால் கூடுதல் தொகுப்புகள் அனைத்தையும் முழு விலைக்குச் சேர்த்தால் பல நூறு டாலர். எது கட்டாயம், எது வெறும் அலங்காரம் என்று அவருக்குத் தெரியாது. பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

இதற்கு பாரடாக்ஸ் இரண்டு மருந்து கண்டது. 2019 அக்டோபரில் 'குருசேடர் கிங்ஸ் 2' அடிப்படை விளையாட்டை முழு இலவசமாக்கியது. 2021-இல் 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4'-க்கு மாதம் 5 டாலர் சந்தா கொண்டுவந்தது. அந்த 5 டாலருக்கு எல்லாத் தொகுப்பும் திறந்துவிடும். ஒரு மாதம் ஆடிப் பார்த்து நிறுத்திவிடுபவருக்கு இது நல்ல பேரம். ஆண்டு முழுவதும் கட்டினால் 60 டாலர். மூன்று ஆண்டு கட்டினால் 180 டாலர் போயிருக்கும், கையில் ஒன்றும் மிஞ்சாது. வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் புதிதல்ல.

நன்கொடையில் ஓடிய 16 ஆண்டுகள்

மூன்றாவது வழி 'டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்'. டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற இரு அமெரிக்கச் சகோதரர்கள் 2006-இல் இதை இலவசமாக வெளியிட்டார்கள். படங்கள்கூட இல்லை. எழுத்துகளும் குறிகளும்தான் திரையில் தெரியும். ஆடுபவர்கள் விரும்பி அனுப்பிய நன்கொடையில் சகோதரர்கள் சிக்கனமாக வாழ்ந்தார்கள்.

பிறகு சாக்கிற்குப் புற்றுநோய் வந்தது. அமெரிக்காவில் மருத்துவச் செலவு எப்படிப்பட்டது என்பது தெரிந்ததே. நன்கொடையை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது என்று உணர்ந்த சகோதரர்கள், விலைக்கு விற்கும் பதிப்பை 2019-இல் அறிவித்தார்கள். கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் வழியாகப் படங்களோடு கூடிய பதிப்பு 2022 டிசம்பரில் 30 டாலருக்கு வந்தது. அடுத்த மாதம் அவர்கள் அறிவித்த வருமானம் 70 லட்சம் டாலருக்கு மேல். பழைய இலவசப் பதிப்பும் தொடர்ந்து கிடைக்கிறது.

இதை அதிர்ஷ்டக் கதை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் 16 ஆண்டுகள் இலவசமாகக் கொடுத்துச் சேர்த்த நன்றிக்கடன்தான் அந்த ஒரு மாதத்தில் காசாக மாறியது. எல்லாருக்கும் அது வாய்க்காது. 16 ஆண்டுகள் பொறுத்திருக்க எல்லா வீட்டிலும் அடுப்பு எரியாது.

நம்பிக்கை உடைந்த மூன்று முறை

சிறிய கூட்டத்தை நம்பும் வணிகத்தில் வாடிக்கையாளர் ஒருவரை இழந்தால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவது கடினம். கடந்த பத்து ஆண்டுகளில் நடந்த மூன்று சம்பவங்கள் இதைக் காட்டுகின்றன.

2017-இல் பாரடாக்ஸ் பல நாடுகளில் பழைய விளையாட்டுகளின் விலையைச் சத்தமில்லாமல் உயர்த்தியது. பொருள் அதே பொருள். விலை மட்டும் ஏறியது. ஆடுபவர்கள் ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்களைக் குவித்தார்கள். நிறுவனம் விலையைப் பழையபடி இறக்கியது.

2021 ஏப்ரலில் அதே நிறுவனத்தின் 'லெவியத்தான்' என்ற தொகுப்பு 20 டாலருக்கு வந்தது. பிழைகள் மலிந்திருந்ததால் ஸ்டீம் தளத்திலேயே மிக மோசமான மதிப்பீடு பெற்றவற்றுள் ஒன்றாக அது ஆனது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்தத் தொகுப்பு முக்கியமாக எடுத்துக்கொண்ட பகுதிகளில் ஒன்று தென்கிழக்காசியா. நம் வட்டாரத்தின் முறை வந்தபோது கிடைத்தது அரைவேக்காட்டுச் சமையல்.

2023-இல் பிரிட்டனின் கிரியேட்டிவ் அசெம்பிளி 'டோட்டல் வார்' வரிசையில் 25 டாலருக்கு ஒரு சிறிய தொகுப்பை விற்றது. உள்ளடக்கம் விலைக்கு ஏற்றதாக இல்லை என்று எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு 60 டாலருக்கு வந்த 'டோட்டல் வார்: ஃபாரோ' எதிர்பார்த்தபடி போகவில்லை. டிசம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, ஃபாரோவின் விலையை 40 டாலராகக் குறைத்து, முன்பே வாங்கியவர்களுக்கு ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

80 டாலர் கேட்ட மேட்ரிக்ஸ் கேம்ஸ் மீது இந்த அளவுக்குக் கோபம் எழவில்லை. 20 டாலர், 25 டாலர் கேட்டவர்கள் மீதுதான் எழுந்தது. சொன்ன பொருளைச் சொன்ன விலைக்குக் கொடுத்தால் அதிக விலையையும் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணத்தை அவர்களால் பொறுக்க முடிவதில்லை.

ராஜேந்திரன் திரைக்கு வந்த வழி

இந்த விலை முறைகளால் நமக்கு ஒரு நேரடிப் பலன் கிடைத்திருக்கிறது. 1999-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' இங்கே சைபர் கஃபே காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். பலர் அதை ஆடியது இரவுச் சந்தையில் வாங்கிய திருட்டுக் குறுந்தட்டில். அந்தப் பழைய விளையாட்டுக்கு 2016-இல் வந்த தொகுப்பு மலாய்க்காரர்களைச் சேர்த்தது. 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற 10 டாலர் தொகுப்பு திராவிடர்களைச் சேர்த்தது. அதில் ஒரு முழுத் தொடர் ராஜேந்திர சோழனுக்கு. கடாரம் கொண்டவன் என்று நாம் பள்ளியில் படித்த அதே ராஜேந்திரன். 2014-இல் 'குருசேடர் கிங்ஸ் 2' இந்தியாவை வரைபடத்தில் சேர்த்ததும் 'ராஜாஸ் ஆஃப் இந்தியா' என்ற தொகுப்பால்தான். 2025 அக்டோபரில் 'குருசேடர் கிங்ஸ் 3'-இன் வரைபடம் தென்கிழக்காசியா வரை நீண்டதும் ஒரு தொகுப்பால்தான்.

சோழரையும் மலாக்காவையும் மட்டும் வைத்துப் பல கோடி செலவில் ஒரு தனி விளையாட்டை எடுக்க எந்தப் பெரிய நிறுவனமும் முன்வரவில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டில் 10 டாலர், 20 டாலர் தொகுப்பாகச் சேர்க்க அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. துண்டு துண்டாக விற்கும் முறையை நாம் திட்டலாம். அந்தத் துண்டுகளில் ஒன்றில்தான் நம் வரலாறும் இடம்பெற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதை நாமே செய்யலாமே என்ற கேள்வியும் வரும். சிங்கப்பூரின் விட்சிங் ஹவர் ஸ்டூடியோஸ் 2011-இல் 'ரேவன்மார்க்' என்ற முறைவழி வியூக விளையாட்டை ஐஃபோனுக்கு வெளியிட்டது. இந்த வட்டாரத்தில் திறமைக்குக் குறைவில்லை. மேலே பார்த்த 14,286 பிரதிகள் கணக்கைத் தாண்டுவதுதான் சவால்.

முதல் நூல் பெறுபவர்

இந்தக் கணக்கு தமிழ் எழுத்துலகத்துக்குப் பழக்கமானது. நம் நாட்டில் ஒரு தமிழ் நாவலை அச்சிடுபவருக்கு வாங்குவோர் எத்தனை பேர் என்று ஓரளவு தெரியும். விலையை 30 ரிங்கிட்டிலிருந்து 20-க்கு இறக்கினால் புதிதாக ஆயிரம் பேர் வந்துவிடப்போவதில்லை. அதனால்தான் நூல் வெளியீட்டு விழா இருக்கிறது. பிரமுகர் ஒருவர் மேடையேறி முதல் நூலைப் பெற்றுக்கொண்டு கனமான உறையைக் கொடுப்பார். அடுத்தடுத்து வருபவர்கள் தங்கள் வசதிக்கேற்பக் கொடுப்பார்கள். பின்வரிசையில் இருக்கும் மாணவர் அட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு போவார். அதே நூல், ஆளுக்கொரு விலை. 'கமாண்ட்' விளையாட்டின் தொழில்முறைப் பதிப்பும் டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் நன்கொடையும் இதே முறையின் வேறு வடிவங்கள்.

ஆனால் விழா முடிந்த மறுநாள் நம் முறை நின்றுவிடுகிறது. வாங்கியவர்கள் யார், அடுத்த நூலுக்கு அவர்களை எப்படி அழைப்பது என்ற தொடர்ச்சி பெரும்பாலும் இல்லை. வியூக விளையாட்டு நிறுவனங்கள் அந்தத் தொடர்ச்சியில்தான் பிழைக்கின்றன. வாங்கிய 10,000 பேரை அவை விடுவதில்லை. குறை கேட்கின்றன, திருத்தம் அனுப்புகின்றன, அடுத்தது என்ன என்று சொல்லிவைக்கின்றன. நம் பதிப்பாளர்கள் கற்க வேண்டியது இதைத்தான்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வாங்க நினைக்கும் இளையோருக்கும் பெற்றோருக்கும் சில நடைமுறைச் செய்திகள்.

வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு இரு நாட்டிலும் 2020 ஜனவரி முதல் வரி உண்டு. மலேசியாவில் 2024 மார்ச் முதல் சேவை வரி 8 விழுக்காடு. சிங்கப்பூரில் 2024 ஜனவரி முதல் பொருள், சேவை வரி 9 விழுக்காடு. விலையைக் கணக்கிடும்போது இதையும் பார்க்க வேண்டும்.

ஸ்டீமில் வாங்கிய விளையாட்டை 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். வியூக விளையாட்டில் விதிகளைப் படிக்கவே 2 மணி நேரம் ஆகும் என்பதால், வாங்குமுன் யாராவது ஆடும் காணொலியைப் பார்த்துவிடுவது நல்லது.

கூடுதல் தொகுப்புகளை முதல் நாளே வாங்க வேண்டாம். அடிப்படை விளையாட்டை ஒரு மாதம் ஆடிப் பார்த்து, பிடித்திருந்தால் கழிவு விற்பனைக்குக் காத்திருக்கலாம். பாரடாக்ஸ் விளையாட்டுகள் பலவற்றில், ஆட்டத்தை நடத்துபவரிடம் உள்ள தொகுப்புகள் உடன் ஆடும் நண்பர்களுக்கும் அந்த ஆட்டத்தில் கிடைக்கும். நான்கு நண்பர்கள் இருந்தால் நான்கு பேரும் வாங்க வேண்டியதில்லை.

காசே இல்லையென்றாலும் திருட்டுப் பதிப்பு தேவையில்லை. 'பேட்டில் ஃபார் வெஸ்நோத்', 'ஃப்ரீசிவ்' போன்றவை தன்னார்வலர்கள் உருவாக்கிய, முற்றிலும் இலவசமான வியூக விளையாட்டுகள். பழைய மடிக்கணினியிலும் ஓடும். இடையில் காசு கேட்காது.

20 மணி நேர உழைப்பைக் கொடுத்து வாங்கும் பொருள் 500 மணி நேரம் கூட வரும் என்றால் அது வீண் செலவல்ல. அதே காசு கோட்டைக் கதவு சீக்கிரம் திறக்கவேண்டும் என்று திறன்பேசியில் பத்துப் பத்து ரிங்கிட்டாகக் கரைந்தால் கணக்கு வேறு. பிள்ளைகளிடம் "எவ்வளவு?" என்று கேட்கும் பெற்றோர், "இந்த விலைக்கு என்ன கிடைக்கும்? இதற்குப் பிறகும் காசு கேட்குமா?" என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கட்டும். பதில் தெளிவாக வந்தால் வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை.